டிஜிட்டல் உரிமை வழக்குகளை நடத்தும் வக்கீல் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் துறையில் எந்த மாதிரி வழக்குகள் வரும்?

பெயர்தான் புதிது. 1950-இல் பம்பாயில் அச்சான ஒரு வார இதழ் தன் எல்லைக்குள் வரக் கூடாது என்று சென்னை மாநில அரசு தடை போட்டது. ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம் என்ற அந்த வழக்கில், பேசும் உரிமைக்குள் பேசியதைப் பரப்பும் உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லித் தடையை நீக்கியது. இணையத்தை முடக்குவதை எதிர்த்து இன்று நடக்கும் வாதம் அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

இப்போது வருபவை: ஒரு மாவட்டத்தில் இணையத் துண்டிப்பு, ஒரு கணக்கையோ தளத்தையோ மறைக்கச் சொல்லும் உத்தரவு (தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு), தொலைபேசி ஒட்டுக்கேட்பு, விசாரணையில் பிடுங்கப்பட்ட போனும் மடிக்கணினியும், ஆதார் பொருந்தவில்லை என்று மறுக்கப்பட்ட உதவித்தொகை, முகமறியும் கேமரா, முகநூல் பதிவுக்காகப் போடப்பட்ட எஃப்.ஐ.ஆர். அன்றாடம் கையில் இருப்பது எஃப்.ஐ.ஆர்.களும் பிடுங்கப்பட்ட கருவிகளும்தான். அரசமைப்பு அமர்வு வரை போகும் வழக்கு ஒரு வக்கீலுக்கு வாழ்நாளில் ஒன்றிரண்டு வாய்த்தால் பெரிது. அதை மட்டும் எதிர்பார்த்து வருபவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோவார்கள்.

பொறியியல் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். நிபுணரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும், அவர் பதிலை நீதிபதிக்கு மூன்று வாக்கியத்தில் விளக்கவும் தெரிந்தால் போதும். அதற்குச் சில விஷயங்களை நிஜமாகவே புரிந்துகொள்ள வேண்டும்: ஹாஷ் மதிப்பு (ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்), ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் எண்), லாக் (யார் எப்போது வந்தார் என்று கணினி எழுதிவைக்கும் பதிவு), மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய தரவு), முனைக்கு முனை குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும்படி பூட்டுவது).

ஐ.பி. முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த ஐ.பி.யிலிருந்து பதிவு வந்தது, அது இவருடைய எண்" என்று குற்றப்பத்திரிகையில் ஒரு வரி இருக்கும். மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஐ.பி.யோடு போர்ட் எண்ணும் (அந்த முகவரிக்குள் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் எண்) நொடி வரை துல்லியமான நேரமும் இருந்தால்தான் ஆளை அடையாளம் காண முடியும். பல தளங்கள் லாக் நேரத்தை யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தில் கொடுக்கின்றன, இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. நேரத்தை மாற்றாமல் மொபைல் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயர் பதிலாக வரும். கோப்பு கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதை.

பெரிய வழக்குகளிலும் இதே கதைதான். சமூக வலைதளக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கலான மனுக்கள், போகப்போக வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்குத் திரும்பின. முடியும் என்று ஐ.ஐ.டி. சென்னைப் பேராசிரியர் ஒருவர் அறிக்கை கொடுத்தார். அதை மறுத்து ஐ.ஐ.டி. பம்பாய்ப் பேராசிரியர் ஒருவரின் அறிக்கை வந்தது. இரண்டையும் படித்து வேறுபாட்டைச் சொல்லத் தெரியாத வக்கீலுக்கு அங்கே வேலையில்லை.

என்ன படிக்க வேண்டும்? பதிவு, தேர்வு எப்படி?

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு, பட்டம் வாங்கியவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும். அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு.

படித்து முடித்ததும் மாநில பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு ரூ.750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.125 என்ற சட்ட வரம்பைத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வேறு பெயர் சொல்லி அதற்கு மேல் கேட்டால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். அடுத்தது அகில இந்திய பார் தேர்வு: 100 கொள்குறி வினாக்கள், குறிப்பு எழுதாத சட்டப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொள்ளலாம். தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவில் 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40.

கல்லூரியில் சைபர் சட்டம் என்று தனிப் பட்டயம் வாங்குவதைவிட, குற்ற நடைமுறை, சாட்சியச் சட்டம், அரசமைப்பு ஆகிய மூன்றையும் கரைத்துக் குடிப்பது பலமடங்கு உதவும்.

எந்த சீனியரிடம் சேர்வது?

கிரிமினல் வழக்கும், ரிட் வழக்கும் (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடுவது) இரண்டும் ஓடும் அலுவலகம். டிஜிட்டல் உரிமை வழக்கு மட்டும் பார்க்கும் அலுவலகத்தைத் தேடி ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். குறைந்தது இரண்டு ஆண்டு மாஜிஸ்திரேட் கோர்ட், செஷன்ஸ் கோர்ட் வாசலை மிதித்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ரிமாண்டின்போது எதைச் சொல்ல வேண்டும், மகஜரில் (போலீஸ் பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் பதிவு) எதைத் தேட வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணையில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் உயர் நீதிமன்றத்தில் மட்டும் நின்றால் கை வராது.

மாதத் தொகை பற்றிக் கூச்சப்படாமல் முதல் நாளே பேசுங்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்குக் குறைந்தது ரூ.20,000, மற்ற இடங்களில் ரூ.15,000 கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எல்லா அலுவலகமும் அதைப் பின்பற்றுகிறதா என்றால் இல்லை. ஆனாலும் பேச்சைத் தொடங்க அது ஒரு பிடி. குடும்பப் பின்புலம் இல்லாத பிள்ளைகள் முதல் மூன்று ஆண்டில் இந்தத் தொழிலை விட்டுப் போவதற்கு இந்தப் பணம்தான் காரணம். அதை நாங்கள் சாதாரணமாகக் கடந்துபோகத் தயாராக இல்லை.

உரிமை அமைப்புகளில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே வழக்காடலாமா?

பலர் சறுக்கும் இடம் இது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49-ஆவது விதிப்படி, முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கும் ஒருவர் வக்கீலாகத் தொழில் நடத்தக் கூடாது. டெல்லியில் இருக்கும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன், எஸ்.எஃப்.எல்.சி. போன்ற அமைப்புகளில் ஆய்வு, கொள்கை, மனு தயாரிப்பு என்று பணிகள் உண்டு. ஊழியராகச் சேர்ந்தால் அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும்; கோர்ட்டில் நிற்க விரும்பினால் வழக்குக்கு இவ்வளவு என்றோ மாதாந்திர ரிட்டெய்னராகவோ ஒப்பந்தம் போட வேண்டும். ஒப்பந்தத்தில் விடுப்பு, பி.எஃப்., வேலை நேரம் என்ற சொற்கள் இருந்தால் அது சம்பள வேலைதான், மேலே என்ன தலைப்பு இருந்தாலும்.

வருமானம் எப்படி வரும்?

உரிமை வழக்கிலிருந்து பெரும்பாலும் வராது. சொத்து, செக் மோசடி, குடும்ப வழக்கு, நிறுவனங்களுக்கான தரவுப் பாதுகாப்பு ஆலோசனை என்று வேறு கோப்புகள்தான் அலுவலக வாடகையைக் கட்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. மீறலுக்கு அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம் என்பதால் ஆலோசனை கேட்கும் நிறுவனங்கள் கூடுகின்றன. ஆனால் ஒரு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லிவிட்டு, அதே விஷயத்தில் அதற்கு எதிராக ஒரு பயனருக்காக நிற்க முடியாது. யாருக்கு எதில் ஆலோசனை கொடுத்தோம் என்ற பதிவேட்டை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றி பெற்றால் இவ்வளவு பங்கு என்று பேசக் கூடாது (20-ஆவது விதி). விளம்பரமும் கூடாது (36-ஆவது விதி). சட்டத்தை விளக்கிக் காணொளி போடுவதற்கும், அதன் கீழே "வழக்குகளுக்கு அணுகவும்" என்று எண் போடுவதற்கும் உள்ள தூரத்தை மறக்காதீர்கள்.

ஒரு ரிட் மனு தொடக்கம் முதல் எப்படி உருவாகிறது?

ஒரு மாவட்டத்தில் இணையம் துண்டிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் அப்படித்தான் துண்டித்தார்கள்.

முதலில் உத்தரவைக் கையில் வாங்க வேண்டும். எதிர்க்க வேண்டிய உத்தரவே இல்லாமல் மனுப் போட்டால், "எதை ரத்து செய்யச் சொல்கிறீர்கள்?" என்பதுதான் பெஞ்சின் முதல் கேள்வியாக இருக்கும். தகவல் உரிமை மனு இதற்கு உதவாது. பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். காஷ்மீர் இணையத் துண்டிப்பை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10-இல் தந்த தீர்ப்பு, துண்டிப்பு உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்கிறது. அந்தத் தீர்ப்பைச் சுட்டி உள்துறைச் செயலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மின்னஞ்சலில் அன்றே கோரிக்கை அனுப்புங்கள். அனுப்பிய நேரம் தெரியும்படி அதை அச்செடுத்து டைப் செட்டில் (மனுவோடு கொடுக்கும் ஆவணத் தொகுப்பு) வையுங்கள். பதில் வராவிட்டால், வராததே உங்கள் ஆதாரம்.

உத்தரவு கிடைத்தால் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். மாநிலத்தில் அந்த அதிகாரம் உள்துறைச் செயலருக்கு. தவிர்க்க முடியாத சூழலில் அதிகாரம் பெற்ற வேறு மூத்த அதிகாரி போடலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் செயலர் அதை உறுதிசெய்யாவிட்டால் உத்தரவு செத்துவிடும். ஆட்சியர் தடையுத்தரவுப் பிரிவைக் காட்டி இணையத்தை நிறுத்தியிருந்தால் அது அதிகாரமற்ற உத்தரவு. அடுத்து நாள் கணக்கு: ஒரு உத்தரவு 15 நாளுக்கு மேல் போக முடியாது. பிறகு மறுஆய்வுக் குழு ஐந்து நாளுக்குள் கூடியதா? பேச்சுரிமை பற்றிய உருக்கமான பத்திகளைவிட இந்த மூன்று வரிகள் வழக்கை நகர்த்தும்.

மனுதாரர் யார் என்பதும் முக்கியம். பொதுநல வழக்காகப் போடலாம். ஆனால் நேரடியாக அடிபட்ட ஒருவர் கிடைத்தால் அவரை வைத்தே போடுங்கள். இணையவழித் தேர்வை இழந்த மாணவி, ஆர்டர் நின்றுபோன கடைக்காரர், மருத்துவரை அணுக முடியாத நோயாளி. பிரமாணப் பத்திரத்தில் தேதி, நேரம், இழந்த தொகை, எந்த நிறுவனத்தின் சிம் என்பது வரை எழுதுங்கள். "பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகிறார்கள்" என்ற வாக்கியத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

நீதிமன்றத்திடம் என்ன வேண்டும் என்று கேட்கும் பிரார்த்தனைப் பத்தியில்தான் பல மனுக்கள் சாகின்றன. "துண்டிப்பை நீக்க உத்தரவிட வேண்டும்" என்று மட்டும் கேட்டால், மூன்றாம் நாள் அரசு இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனு பயனற்றுப் போய்விட்டது என்று சொல்லும், பெஞ்சும் முடித்துவைக்கும். அதனால் உத்தரவை ரத்து செய்யவும் (சர்ஷியோரரி), உத்தரவையும் மறுஆய்வுக் குழுவின் முடிவையும் இணையத்தில் வெளியிட வைக்கவும் (மாண்டமஸ்) சேர்த்துக் கேளுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டும் சேர்ந்த சர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ் வழக்கமான வடிவம். இடைக்கால நிவாரணத்துக்கு டபிள்யூ.எம்.பி. எனும் துணை மனு தனியாக.

தாக்கல் செய்ததும் எஸ்.ஆர். எண் கிடைக்கும், அது வழக்கு எண் அல்ல. மங்கிய நகல், பக்க எண் இல்லாமை, மொழிபெயர்ப்பு இல்லாமை என்று குறை சொல்லிப் பதிவகம் மனுவைத் திருப்பும். ஒரு ரிட்டர்ன் என்றால் ஒரு நாள் போயிற்று. அவசரம் என்றால் காலையில் மென்ஷன் செய்து (பெஞ்சின் முன் வாய்மொழியாக அவசரத்தைச் சொல்லி) லஞ்ச் மோஷன், அதாவது அன்றே மதியம் விசாரணை, கேட்கலாம். அரசு வக்கீலுக்கு நகலை முன்கூட்டியே கொடுத்திருந்தால்தான் அது எடுபடும். எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் டைப் செட்டை வேறொருவரை விட்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மின்னணுச் சாட்சியத்தில் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

சான்றிதழில். ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக் கொடுத்தால் போதும் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் (மின்னணுப் பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிசொல்லும் தாள்) கட்டாயம் என்று 2020 ஜூலை 14-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 63-ஆவது பிரிவு. அதற்கான படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இரண்டு பகுதியாக இருக்கிறது: ஏ பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும், பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் ஹாஷ் மதிப்பும், அது எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5 இவற்றில் எது என்பதும் வர வேண்டும். எஸ்.எச்.ஏ.256 போடுங்கள், மற்ற இரண்டிலும் ஒரே மதிப்பு தரும் இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது நிரூபிக்கப்பட்டது.

வரிசை இதுதான். கோப்பு யாரிடம் உருவானதோ அவருடைய கருவியிலிருந்தே நேரடியாக எடுங்கள். எடுத்த உடனே, வேறு எதுவும் செய்வதற்கு முன், ஹாஷ் கணக்கிட்டு எழுதிவையுங்கள். ஒரு நகலைத் திறக்காமல் பத்திரப்படுத்தி, இன்னொரு நகலில் வேலை செய்யுங்கள். கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் முழுதும் மாறிவிடும். கட்சிக்காரர் (வழக்கை நம்மிடம் ஒப்படைத்தவர்) காணொளியை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடும். போனில் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் பொருந்தாமல், குறுக்கு விசாரணையில் "திருத்தியிருக்கிறீர்கள்" என்று கேட்பார்கள். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, போனையே கொண்டுவரச் சொல்வது. பதிவு என்றால் முழு இணைய முகவரியும், பார்த்த நேரமும், கணக்கின் பெயரும் தெரிய வேண்டும். காட்சிப் பெயர் நாளைக்கே மாறிவிடும்.

நாள் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் சேவை தரும் கணினி அமைப்புகள் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் இட்ட உத்தரவு. தெருக் கேமராப் பதிவுகள் சில வாரங்களிலேயே மேலெழுதப்பட்டுவிடும். வழக்குப் போட முடிவெடுப்பதற்கு முன்பே, அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லும் நோட்டீஸ் போய்விட வேண்டும்.

போலீஸ் போனையும் மடிக்கணினியையும் எடுத்துச் சென்றால் என்ன கேட்பது?

மகஜரின் நகல். அதில் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், கருவி இயங்கும் நிலையில் இருந்ததா, அணைத்து மூடி முத்திரையிடப்பட்டதா என்று இருக்கிறதா? ஹாஷ் மதிப்பு அங்கேயே எடுக்கப்பட்டதா? எடுக்கப்படவில்லை என்றால், கைப்பற்றிய நாளுக்கும் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பிய நாளுக்கும் இடையில் உள்ளே எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதை எப்படி நிரூபிப்பார்கள்? இந்த இடைவெளியைத் தேதியோடு எழுதி மாஜிஸ்திரேட்டிடம் மெமோவாக உடனே கொடுத்துவிடுங்கள். விசாரணை தொடங்கியபின் சொன்னால், யோசித்துச் சொன்னதாகத் தெரியும். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு மனுப் போடுங்கள். இருந்தாலும் உதவும், இல்லாவிட்டாலும் உதவும்.

கடவுச்சொல்லைக் கொடுத்தே ஆக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒன்றுபோலச் சொல்லவில்லை. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 20(3) உறுப்பு பொருந்தாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. டெல்லியில் ஒரு சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் 2022-இல் கடவுச்சொல்லுக்குப் பாதுகாப்பு உண்டு, கைரேகைக்கு இல்லை என்றது. கட்சிக்காரர் சம்மதத்தோடு கொடுத்தார் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான் நடைமுறையில் பெரிய ஆபத்து. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

ஒரு பதிவுக்காகக் கைது என்று இரவில் அழைப்பு வந்தால்?

எஃப்.ஐ.ஆர். எண், நிலையம், பிரிவுகள். இந்த மூன்றையும் கேட்ட பிறகுதான் மற்றது. பெரும்பாலும் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 196 (பிரிவினரிடையே பகை மூட்டுவது), 353 (பொது அமைதியைக் குலைக்கும் பேச்சு) இருக்கும். இரண்டிலும் அடிப்படைத் தண்டனை மூன்று ஆண்டு வரை. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக வராது; பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறை. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாக்கியது. மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போடுமுன் பி.என்.எஸ்.எஸ். 173(3)-இன்படி 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச் 28-இல் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ரிமாண்டை எதிர்க்க இவை இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பழைய சட்டத்தில் 482 என்றால் எஃப்.ஐ.ஆர்.ஐ ரத்து செய்யும் அதிகாரம். புதிய சட்டத்தில் 482 முன்ஜாமீன், ரத்துக்கு 528. பழக்கதோஷத்தில் எண்ணை மாற்றிப் போட்ட மனு திரும்பி வரும், அதற்குள் ஆள் உள்ளே போய்விடுவார்.

குண்டர் சட்டம் இதில் எங்கே வருகிறது?

குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டத்தில் 2014 திருத்தம் "சைபர் சட்டக் குற்றவாளி" என்ற வகையைச் சேர்த்தது. ஜாமீன் கிடைக்கும் நேரத்தில் 12 மாதம் வரையான தடுப்புக்காவல் உத்தரவு வரலாம். அந்த உத்தரவைச் சரிபார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் நிற்க முடியாது. ஆட்கொணர்வு மனுதான் வழி. அங்கே ஜெயிக்கும் காரணங்கள் சிறியவை: அரசுக்கு அனுப்பிய முறையீட்டைப் பரிசீலிப்பதில் விளக்கப்படாத தாமதம், புத்தகமாகக் கொடுத்த ஆவணங்களில் படிக்க முடியாத பக்கம், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்க்காமல் கொடுத்த ஆங்கில ஆவணம். ஒவ்வொரு பக்கத்தையும் தடவிப் பாருங்கள்.

தமிழில் வாதாட முடியுமா?

கீழமை நீதிமன்றங்களில் முடியும். உயர் நீதிமன்றத்தின் மொழி, 348-ஆவது உறுப்பின்படி, இன்னும் ஆங்கிலம்தான். தமிழையும் ஆக்கக் கோரிச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. இது பெரிய குறை என்று நாங்கள் கருதுகிறோம். பதிவு தமிழில், கோபம் தமிழில், குற்றச்சாட்டு மட்டும் ஆங்கில மொழிபெயர்ப்பின் மீது.

அதனால் மொழிபெயர்ப்பிலேயே வழக்கு தோற்கலாம். "இந்தத் தேர்தல்ல அடிச்சுத் தூக்குவோம்" என்றால் அமோகமாக ஜெயிப்போம் என்று எந்தத் தமிழருக்கும் தெரியும். சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போனால், ஆளை அடித்துக் கடத்துவதாக மிரட்டல் ஆகிவிடும். "செஞ்சிடுவேன்" என்பது கிண்டலா, கொலை மிரட்டலா என்பது முன்னாலும் பின்னாலும் இருக்கும் பதிவைப் பொறுத்தது. அரசுத் தரப்பு மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்காதீர்கள். மூலத் தமிழை முழு உரையாடலோடு டைப் செட்டில் வைத்து, சர்ச்சைக்குரிய சொல்லின் வழக்குப் பொருளைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். வட்டார வழக்கு என்றால் அந்த ஊர்க்காரரின் பிரமாணப் பத்திரமும் சேரட்டும்.

அரசு "தேசியப் பாதுகாப்பு" என்று சீல் வைத்த உறையைக் கொடுத்தால்?

எழுந்து ஆட்சேபிக்க வேண்டும், அன்றே. போன்களை வேவுபார்க்கும் மென்பொருள் பற்றிய பெகாசஸ் வழக்கில் 2021 அக்டோபர் 27-இல், தேசியப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மலையாளச் செய்தி சேனலின் உரிமம் தொடர்பான வழக்கில் 2023 ஏப்ரல் 5-இல், சீல் வைத்த உறை நியாயமான விசாரணைக்கு முரணானது என்றும், அரசு விலக்குக் கோரினால் காரணம் காட்டி நீதிமன்றத்தின் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சம் ரகசியப் பகுதியைக் கறுப்படித்து, மீதியையும் அதன் சுருக்கத்தையும் கேளுங்கள். ஆட்சேபம் அன்றைய உத்தரவில் பதிவாக வேண்டும் என்பதையும் வலியுறுத்துங்கள்.

நடைமுறைத் தவறுகளால் உண்மையிலேயே ஜெயிக்க முடியுமா?

முடியும். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல், ரகசியமாக நடக்கும் சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்கத் தொலைபேசியைக் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்பது ஒரு காரணம். கேட்டதை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்பது இன்னொன்று. அந்த உத்தரவு 2011-இல் போடப்பட்டது. தீர்ப்புக்கும் அதற்கும் இடையில் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். இந்தத் தொழிலின் வேகம் அதுதான்.

ஜெயித்த பிறகு வேலை முடிந்துவிடுமா?

முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் செல்லாது என்றது. ஆனாலும் நிலையங்களில் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன; மக்கள் சிவில் உரிமைக் கழகம் மறுபடி உச்ச நீதிமன்றம் போய், 2022 அக்டோபரில்தான் அவற்றை நீக்கச் சொல்லி உத்தரவு வாங்க முடிந்தது. தீர்ப்பு வந்த வாரமே நகலை டி.ஜி.பி., உள்துறை, மாவட்ட நீதிமன்றங்களுக்கு அனுப்புவதும், ஆறு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று தகவல் உரிமை மனுப் போடுவதும் வழக்கின் பகுதிதான்.

சென்னையில் இருந்தே செய்யலாமா, டெல்லிக்குப் போக வேண்டுமா?

சென்னையிலும் மதுரைக் கிளையிலும் இருந்தே செய்யலாம். மத்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில், இணையச் செய்தி வெளியீட்டாளர்கள் நெறிமுறையைப் பின்பற்றச் சொல்லும் 9(1), 9(3) இரண்டுக்கும் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்டில் தடை கொடுத்தது. அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்த வேண்டும் என்று அடுத்த மாதமே சென்னை சொன்னது. மாநில நீதிமன்றத்தில் வாங்கும் உத்தரவு அவ்வளவு தூரம் போகும். உச்ச நீதிமன்றத்தில் உங்கள் பெயரிலேயே தாக்கல் செய்ய விரும்பினால் அட்வகேட்-ஆன்-ரெக்கார்ட் ஆக வேண்டும்: நான்கு ஆண்டு தொழில், ஓராண்டுப் பயிற்சி, நான்கு தாள் தேர்வு, தாளுக்கு 50, மொத்தத்தில் 60 சதவீதம். அதற்குப் பிறகு நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் அலுவலகமும் வேண்டும்.

கட்சிக்காரரின் தகவலை என் கருவிகளில் எப்படிப் பாதுகாப்பது?

வழக்குக் கோப்புகளுக்குத் தனி மடிக்கணினி, முழு வட்டுக் குறியாக்கம், நீளமான கடவுச்சொல், கைரேகைத் திறப்பு வேண்டாம். வாட்ஸ்அப்பில் கிளவுட் பேக்கப் குறியாக்கத்தை நீங்களாகத்தான் போட வேண்டும்; போடாவிட்டால் உரையாடல் பாதுகாப்பாகவும் அதன் நகல் திறந்தும் கிடக்கும். கிளார்க், ஜூனியர், தட்டச்சு நிலையம் என்று கோப்பு போகும் கைகளையும் எண்ணிப் பாருங்கள். கசிவு பெரும்பாலும் தட்டச்சு நிலையத்துக் கணினியில் விட்டுவந்த பென் டிரைவ் நகலில்தான்.

விசாரணை அமைப்பு உங்களையே அழைத்தால்: கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் இடையிலான பேச்சுக்கு சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பிரிவின் விதிவிலக்குகளுக்குள் வந்தாலன்றி வக்கீலுக்கு சம்மன் அனுப்பக் கூடாது என்றும், வக்கீலின் கருவியைக் கேட்டால் அதை நீதிமன்றத்தின் முன்தான் ஒப்படைக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 31-இல் சொல்லியிருக்கிறது. அதிகாரி வாசலில் நின்று கேட்டாலும், கருவியை அவர் கையில் கொடுக்காமல் அந்தத் தீர்ப்பின் நகலைக் கொடுங்கள். ஒரு நகலை அலுவலக மேசையில் அச்செடுத்தே வைத்திருங்கள்.